வனச் சிற்றாந்தை வாழும் இடம்

நுழையும்முன்

ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய மரம், உரிய விலங்கு, உரிய பறவை உண்டு எனக் கண்டவர் பழந்தமிழர். தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாகப் புள்ளையும் வைத்து எண்ணுகிறது. ஒரு பறவை எந்த நிலத்திற்கு உரியது என்னும் அதே வினாவையே இன்றைய பறவையியல் அறிஞரும் எழுப்புகின்றனர். நடு இந்தியக் காடுகளில் வாழும் ஒரு சிறிய ஆந்தையைப் பொறுத்தவரை, அவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்க நூறாண்டுக்கும் மேல் ஆயிற்று. இடையில் ஒரு பொய்யும் குறுக்கிட்டது. அவ்வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

பரவல் என்பது யாது?

காகமும் மைனாவும் நம் நாட்டின் பெரும்பாலான ஊர்களில் காணப்படுகின்றன. பெற்றோரின் பணிமாற்றத்தால் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும் மாணவர், புதிய பள்ளியின் மதிற்சுவரிலும் தாம் முன்பு கண்ட அதே பறவைகளைக் காண்பர். ஆயினும், எல்லாப் பறவைகளும் இவ்வாறு பரந்து வாழ்வதில்லை. சில பறவைகள் ஒரு மலைத்தொடரை விட்டு அகல்வதில்லை. வேறு சில, ஒரே வகைக் காட்டில் மட்டுமே வாழ்கின்றன.

ஓர் உயிரினம் இயற்கையாக வாழும் இடங்கள் அனைத்தையும் சேர்த்து அதன் 'பரவல்' என்பர். பரவலை நாட்டளவிலும் கூறலாம்; ஊரளவிலும் கூறலாம். 'இப்பறவை நடு இந்தியாவில் வாழ்கிறது' என்பது நாட்டளவில் கூறுவது. 'இப்பறவை இம்மலைச்சரிவில் உள்ளது. அடுத்த பள்ளத்தாக்கில் இல்லை' என்பது ஊரளவில் கூறுவது. இரண்டாவதனை 'உள்ளூர்ப் பரவல்' எனலாம்.

பறவை நூல்களில் உள்ள நிலப்படங்களில், பறவை வாழும் பகுதி வண்ணம் தீட்டிக் காட்டப்பட்டிருக்கும். அவ்வண்ணப் பரப்பு முழுவதிலும் பறவை இருக்கும் என எண்ணுதல் பிழை. பரப்பினுள் வயல் உண்டு, ஊர் உண்டு, பறவைக்கு ஒவ்வாத காடும் உண்டு. வண்ணப் பரப்பினுள் பறவை உண்மையில் தங்கி வாழும் இடங்கள் சிறுசிறு தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும். அரிய பறவை ஒன்றைக் காக்க விரும்புவோர் அத்தீவுகள் எவை என அறிந்தாக வேண்டும்.

உருவும் இயல்பும்

வனச் சிற்றாந்தை இந்தியாவில் மட்டுமே வாழும் பறவை. உலகின் வேறு எந்த நாட்டிலும் இது இல்லை. இதன் நீளம் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர்; அதாவது, மைனாவின் அளவே ஆகும். உடலின் மேற்பகுதி சாம்பல் கலந்த பழுப்பு நிறம் உடையது. சிறகிலும் வாலிலும் அகன்ற வெண்பட்டைகள் உள்ளன. அடிவயிறு வெண்மையானது. கால்களை வெண்ணிற மென்தூவிகள் போர்த்தியுள்ளன. உடல் சிறிதாயினும் அலகும் நகங்களும் மிக வலியவை.

நம் ஊர்ப்புறங்களில் பழைய கட்டடங்களிலும் மரப்பொந்துகளிலும் வாழும் புள்ளிச் சிற்றாந்தையும் ஏறத்தாழ இதே அளவினதே. அதன் உச்சந்தலையில் வெண்புள்ளிகள் நிறைந்திருக்கும். வனச் சிற்றாந்தையின் உச்சந்தலையிலோ புள்ளிகள் இல்லை என்றே சொல்லுமளவுக்கு அவை மங்கியிருக்கும். இந்தச் சிறு வேறுபாட்டைக் கவனியாது, புள்ளிச் சிற்றாந்தையைக் கண்டு வனச் சிற்றாந்தை என மயங்கியோர் பலர்.

ஆந்தை என்றவுடன் இரவு நம் நினைவுக்கு வருகிறது. வனச் சிற்றாந்தையோ பகலில் இரை தேடும் இயல்புடையது. குளிர்காலக் காலைகளில் இலையுதிர்ந்த மரத்தின் உயர்ந்த கிளையில் வெயில் காய்ந்துகொண்டு அமர்ந்திருக்கும். அவ்வப்போது வாலை இருபுறமும் விரைந்து அசைக்கும். அமர்ந்த இடத்திலிருந்தே தரையை உற்றுநோக்கி, பல்லி, ஓணான், அரணை, சிறு எலி, வெட்டுக்கிளி முதலியவற்றைப் பாய்ந்து பிடிக்கும். மரப்பொந்தில் முட்டையிடும். பெண்பறவை அடைகாக்கும்போது ஆண்பறவை இரை கொணர்ந்து ஊட்டும்.

முதல் பெயர்ச்சீட்டுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவைகளை ஆராய்ந்தோர் அவற்றைச் சுட்டு வீழ்த்தி, தோலைப் பதப்படுத்தி, உள்ளே பஞ்சு அடைத்து அருங்காட்சியகங்களில் சேர்த்தனர். ஒவ்வொரு பறவையின் காலிலும் ஒரு சிறிய பெயர்ச்சீட்டு கட்டப்படும். பறவையின் பெயர், பிடித்த நாள், பிடித்த இடம், பிடித்தவர் பெயர் ஆகியவை அதில் எழுதப்படும். உயிர்நீத்த பறவை தான் வாழ்ந்த இடத்தைத் தானே சொல்லாது. அதற்காகப் பேசுவது அந்தச் சீட்டு ஒன்றே. ஒரு பறவையின் பரவலைப் பற்றிய அக்கால அறிவு முழுவதும் இத்தகைய சீட்டுகளின் மீதே கட்டப்பட்டது.

வனச் சிற்றாந்தையின் முதல் சீட்டு 1872ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தினது. இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தின் மகாசமுந்து மாவட்டத்தில் உள்ள புல்ஜர் பகுதியில் பிளூவிட் என்பவருக்கு இப்பறவை கிடைத்தது. அவர் அதனை ஆலன் ஆக்டேவியன் ஹியூமுக்கு அனுப்பினார். 1885இல் இந்திய தேசிய காங்கிரசு தோன்றக் காரணமானவர்களுள் ஒருவராக வரலாற்றுப் பாடத்தில் நாம் படிக்கும் ஹியூம் இவரே. அவர் சிறந்த பறவையியல் அறிஞரும் ஆவார். 1873இல் அவர் இப்பறவைக்கு 'ஹெட்டிரோகிளாக்ஸ் பிளூவிட்டி' என அறிவியற்பெயர் சூட்டினார். பெயரின் முற்பகுதிக்கு 'வேறுபட்ட ஆந்தை' என்பது பொருள். பிற்பகுதி, பறவையைக் கண்டெடுத்தவரின் பெயரைத் தாங்கியது.

1877இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வேலன்டைன் பால், இன்றைய ஒடிசாவின் கரியார் பகுதியில் இரண்டாவது பறவையைப் பெற்றார். 1880களின் முற்பகுதியில் பம்பாய் மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஜேம்ஸ் டேவிட்சன், கான்தேசப் பகுதியில் மேலும் சில பறவைகளைப் பெற்றார். அவர் பெற்ற இடம், இன்றைய மகாராட்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில், சாத்புரா மலைத்தொடரின் தெற்கே அமைந்த சகாதா ஊரைச் சூழ்ந்த பகுதியாகும். புல்ஜருக்கும் சகாதாவுக்கும் இடையே உள்ள தொலைவு 800 கிலோமீட்டருக்கும் மேல். இவ்விரு முனைகளுக்கும் நடுவில் எங்கெங்கு இப்பறவை வாழ்ந்தது என்பதற்கு ஒரு சீட்டும் இல்லை.

1884க்குப் பின் பறவை எவர் கண்ணிலும் படவில்லை. உலகின் அருங்காட்சியகங்கள் அனைத்திலும் இருந்தவை ஏழே பறவைகள்.

ஒரு பொய்ச் சீட்டு

அவ்வேழனுள் ஒன்றின் சீட்டு மட்டும் 1914ஆம் ஆண்டைக் குறித்தது. குஜராத்தில் தபதி ஆற்றை ஒட்டிய மாண்டவி என்னும் ஊரில் அப்பறவை பிடிக்கப்பட்டதாக அச்சீட்டு கூறியது. அதனை எழுதியவர் ரிச்சர்டு மெய்னெர்ட்ஸ்ஹேகன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. அவர் பறவையியலில் பெரும்புகழ் பெற்றவர். பறவைகள் குறித்து நூல்கள் எழுதியவர். ஆகவே அவருடைய சீட்டை எவரும் ஐயுறவில்லை.

இதன் விளைவு யாது? பறவையைத் தேடியவர்கள், அதைப் பற்றிய கடைசிச் சான்று எதுவோ அதனையே நம்பினர். 1914 அன்றோ 1884க்குப் பிந்தியது? ஆகவே மாண்டவியைச் சுற்றிலும் தேடினர். 1970களில் தில்லன் ரிப்ளி, சாலிம் அலி போன்ற பேரறிஞர்கள் மேற்கொண்ட தேடலும் பயன் தரவில்லை. பறவை அழிந்தொழிந்திருக்கக்கூடும் என்னும் எண்ணம் மெல்ல வலுப்பெற்றது.

1990களில் பமேலா ராஸ்முசன் என்னும் அமெரிக்கப் பறவையியல் அறிஞர் தெற்காசியப் பறவைகளைப் பற்றிய ஒரு பெருநூலுக்காக அருங்காட்சியகத் தொகுப்புகளை ஆராய்ந்து வந்தார். மெய்னெர்ட்ஸ்ஹேகன் சேர்த்த பறவைகள் பலவற்றில் அவருக்கு ஐயம் எழுந்தது. ஒவ்வொருவரும் எழுதும் கையெழுத்து வேறுபடுவதைப் போல, பறவைத்தோலைப் பதப்படுத்தும் முறையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். பஞ்சை அடைக்கும் விதம், தையலிடும் விதம், சிறகை மடிக்கும் விதம் ஆகியவை பதப்படுத்தியவரைக் காட்டிக்கொடுக்கும். மாண்டவிப் பறவையை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தும், பிற பறவைகளோடு ஒப்பிட்டும் ஆராய்ந்தபோது, அது டேவிட்சனின் கைவேலைப்பாடு உடையது எனத் தெரிந்தது. 1880களில் டேவிட்சன் சகாதாப் பகுதியில் பிடித்த பறவைகளுள் ஒன்று இலண்டன் அருங்காட்சியகத்திலிருந்து களவு போயிருந்தது. அதன் பஞ்சை மாற்றி, பழைய சீட்டை அகற்றி, புதிய சீட்டைக் கட்டித் தாமே பிடித்ததாக மெய்னெர்ட்ஸ்ஹேகன் காட்டியிருந்தார். இவ்வுண்மையை ராஸ்முசனும் நைஜல் காலரும் 1999இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர்.

ஒரு சீட்டில் எழுதிய இரண்டே செய்திகள், ஓர் ஊரும் ஓர் ஆண்டும், பொய்யாயின. அதனால் பறவையின் வாழிடம் உண்மையான இடத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே நகர்ந்தது. அது கடைசியாகக் காணப்பட்ட ஆண்டும் முப்பது ஆண்டுகள் பிந்தியது. தேடுவோரின் உழைப்பு வீணாயிற்று. அவ்விடைக்காலத்தில் பறவை உண்மையில் வாழ்ந்த காடுகளோ, கவனிப்பார் இன்றிக் குறைந்துகொண்டே வந்தன.

மீண்டும் கண்ட பறவை

பொய்ச் சீட்டை நீக்கிய பின், எஞ்சியவை மூன்று இடங்களே. 1997ஆம் ஆண்டு நவம்பரில் பமேலா ராஸ்முசன், பென் கிங், டேவிட் அபாட் ஆகிய மூவரும் இந்தியாவுக்கு வந்தனர். முதலில் கிழக்கே உள்ள இரு பழைய இடங்களிலும் தேடினர், பறவை கிடைக்கவில்லை. பின்னர்ச் சகாதாவுக்குச் சென்றனர். டேவிட்சன் காலத்தில் காடாக இருந்த சமவெளி, வயல்களாக மாறியிருந்தது. எனினும் மலையடிவாரத்தில் காடு எஞ்சியிருந்தது. நவம்பர் 25ஆம் நாள் காலையில், அக்காட்டின் இலையற்ற மரமொன்றில் வெயிலில் அமர்ந்திருந்த சிற்றாந்தையைப் பென் கிங் கண்டார். உச்சந்தலையில் புள்ளிகள் இல்லை. கால்களில் வெண்தூவி இருந்தது. சிறகில் அகன்ற பட்டைகள் இருந்தன. வனச் சிற்றாந்தையே அது என உறுதியாயிற்று. ஒளிப்படமும் அசைபடமும் எடுக்கப்பட்டன.

113 ஆண்டுகளுக்குப் பின் பறவை மீண்டும் காணப்பட்ட இடம், டேவிட்சனின் உண்மையான சீட்டுகள் சுட்டிய அதே பகுதியாகும். நேர்மையாக எழுதப்பட்ட ஒரு குறிப்பு, எழுதியவர் மறைந்து நெடுங்காலம் கழித்தும் வழிகாட்டியது.

இன்று அறியப்பட்ட இடங்கள்

அதன்பின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் பிறரும் இப்பறவையைத் தேடிப் பல காடுகளில் அலைந்தனர். மகாராட்டிரத்தில் தலோதா, தோரண்மால் பகுதிகளிலும், யாவல் காட்டிலும், கிழக்கே மேள்காட் புலிகள் காப்பகத்திலும் பறவை இருப்பது தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா, புர்ஹான்பூர் மாவட்டக் காடுகளிலும் கண்டறியப்பட்டது. இவ்விடங்கள் யாவும் சாத்புரா மலைத்தொடரிலும் அதனை அடுத்தும் அமைந்தவை.

2014இல் எவரும் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து செய்தி வந்தது. மும்பை மாநகருக்குக் குடிநீர் தரும் ஏரிகளுள் ஒன்று தான்சா. அதனைச் சூழ்ந்த வனவிலங்குப் புகலிடத்தில் வனச் சிற்றாந்தை காணப்பட்டது. அவ்விடம் சாத்புராவில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில் உள்ளது. இவ்வாறே குஜராத்தின் டாங் மாவட்டத்தைச் சேர்ந்த பூர்ணா புகலிடத்திலும் பறவை இருப்பது அண்மைக் காலத்தில் தெரியவந்தது.

குஜராத்தில் இப்பறவை காணப்பட்டதால் மெய்னெர்ட்ஸ்ஹேகனின் சீட்டு உண்மையாகிவிடுமா? ஆகாது. பூர்ணாவில் உள்ள பறவையை நாம் அறிவது, அதனை அங்கே கண்டவர்களால். மாண்டவியில் கண்டதாகச் சொன்னவரோ அங்குப் பறவையைக் காணவே இல்லை. காணாததைக் கண்டதாக எழுதியது, பின்னாளில் அதன் அருகே பறவை கிடைத்தாலும், பொய்யே ஆகும்.

தான்சா நமக்குக் கற்பிக்கும் மற்றொரு பாடமும் உண்டு. சாத்புராவே வனச் சிற்றாந்தையின் இடம் என நூல்கள் கூறியதால், வேறு இடங்களில் அதனைத் தேடுவோர் குறைந்தனர். தேடாத இடத்தில் பறவை இருந்தும் அறியப்படவில்லை. நிலப்படம் நமக்கு வழிகாட்டுகிறது. சில வேளைகளில் நம் பார்வையைக் குறுக்கியும் விடுகிறது.

ஏன் எல்லாக் காட்டிலும் இல்லை?

சாத்புராவில் காடுகள் பல உள்ளன. அவை அனைத்திலும் இப்பறவை வாழ்வதில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, காட்டின் அமைப்பு. வனச் சிற்றாந்தை விரும்புவது வறண்ட இலையுதிர் காடு. தேக்கு அங்கு முதன்மையான மரம். மரங்கள் நெருக்கமின்றி நிற்க வேண்டும். அமர்ந்து பார்க்க உயர்ந்த கிளையும், கீழே இரை தெரியும் திறந்த தரையும் இருத்தல் வேண்டும். தழை அடர்ந்த ஈரக்காட்டில் தரையில் ஓடும் அரணை மேலிருந்து தெரியாது. ஆகவே அடர்காடு இப்பறவைக்கு ஏற்றதன்று.

இரண்டாவது, கூடு. மரங்கொத்தியைப் போல மரத்தைத் துளைக்கும் ஆற்றல் ஆந்தைக்கு இல்லை. இயல்பாக உண்டான பொந்தையோ, பிற பறவை குடைந்து கைவிட்ட பொந்தையோதான் அது நாட வேண்டும். பொந்துகள் முதிர்ந்த மரங்களிலேயே அமைகின்றன. முதிர்ந்த மரங்களை வெட்டிய காட்டில், இளமரங்கள் எத்தனை இருப்பினும், கூடு கட்ட இடம் இராது.

மூன்றாவது, பிற ஆந்தைகள். ஊர்ப்புறத்தையும் வயலோரத்தையும் புள்ளிச் சிற்றாந்தை தனதாக்கிக்கொள்கிறது. பொந்துக்கும் இரைக்கும் அதனோடு போட்டி உண்டு. காடு திறந்து ஊராக மாறும்போது, வனச் சிற்றாந்தையின் இடத்தைப் புள்ளிச் சிற்றாந்தை பற்றிக்கொள்கிறது.

எனவே மிக அடர்ந்த காடும் கூடாது; முற்றும் வெட்டவெளியும் கூடாது. இரண்டிற்கும் இடைப்பட்ட, முதிர்ந்த மரங்கள் எஞ்சிய, வறண்ட காடே வேண்டும். அத்தகைய காடு தொடர்ச்சியாக இன்று இல்லை. ஆதலால்தான் பறவையும் தொடர்ச்சியாக இல்லை.

காணாமையும் இல்லாமையும்

ஒரு காட்டில் நாம் பறவையைக் காணவில்லை என்றால், அங்குப் பறவை இல்லை எனக் கூறிவிடலாமா? 'காணவில்லை' என்பது நம்மைப் பற்றிய செய்தி. 'இல்லை' என்பது காட்டைப் பற்றிய செய்தி. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்ல மிகுந்த பொறுமை வேண்டும்.

ஆய்வாளர்கள் ஒரு காட்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்கின்றனர். ஒவ்வொரு பகுதியிலும் வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு வேளைகளில் சென்று உற்றுநோக்குகின்றனர். பதிவு செய்த ஆந்தையின் குரலை ஒலிக்கச் செய்து, மறுகுரல் வருகிறதா எனக் காத்திருப்பதும் உண்டு. மறுகுரல் வந்தால் பறவை உண்டு என்பது உறுதி. வராவிட்டால், அன்று அங்கே மறுகுரல் கேட்கவில்லை என்பது மட்டுமே உறுதி. பலமுறை சென்றும் கேட்காத பின்னரே, பறவை அங்கு இல்லாதிருக்கலாம் எனக் கருதத் தொடங்குகின்றனர். சென்ற நாள், நேரம், காத்திருந்த நிமிடங்கள் ஆகியவற்றையும் குறித்துவைக்கின்றனர். பறவை கிடைக்காத நாளின் குறிப்பும் பறவை கிடைத்த நாளின் குறிப்புக்கு நிகரான மதிப்புடையது.

காடு குறைந்தால்

2018ஆம் ஆண்டு வரை வனச் சிற்றாந்தை, அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் வரிசையில் வைக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டில் அது ஒரு படி இறக்கப்பட்டு, அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் வரிசையில் சேர்க்கப்பட்டது. பறவைகள் பெருகிவிட்டன என இதற்குப் பொருள் கொள்ளலாகாது. முன்பு அறியப்படாத இடங்கள் அறியப்பட்டமையே இம்மாற்றத்திற்குக் காரணம். பெருகியது நம் அறிவே. முதிர்ந்த பறவைகளின் தொகை ஆயிரத்திற்கும் குறைவு என்பதே இன்றைய மதிப்பீடு.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இப்பறவைக்கு உயர்ந்த பாதுகாப்பை அளித்துள்ளது. ஆனால் சட்டம் பறவையைக் காத்தாலும் பொந்துள்ள மரம் விழுந்தால் பயனில்லை. காட்டை அழித்துப் பயிரிடுதல், முதிர்ந்த மரங்களை வெட்டுதல், காட்டுத்தீ ஆகியவை வாழிடத்தைச் சுருக்குகின்றன. ஆந்தையைத் தீய நிமித்தமாகக் கருதுவோரும், மாந்திரீகத்திற்காக அதனைப் பிடிப்போரும் இன்னும் உள்ளனர்.

இக்காடுகளில் பீல், கோர்க்கு முதலிய பழங்குடி மக்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். விறகும் தழையும் அவர்களுக்கு அன்றாடத் தேவைகள். அவர்களைப் பகைத்துக்கொண்டு எந்தக் காட்டையும் காக்க இயலாது. எந்த மரத்தில் எந்தப் பறவை கூடு கட்டும் என்பதை அறிந்தவர்களும் அவர்களே. இங்குதான் உள்ளூர்ப் பரவலைப் பற்றிய அறிவு பயன் தருகிறது. பறவை எங்கோ காட்டில் உள்ளது என்று மட்டும் அறிந்தால், காடு முழுவதற்கும் தடை விதிக்க நேரும். இந்த ஓடைக்கரையில், இந்த முதிர்ந்த மரங்களில் கூடு கட்டுகிறது என அறிந்தால், அவற்றைக் காத்துக்கொண்டே மக்களின் தேவைக்கும் வழி காணலாம். துல்லியமான அறிவு பறவைக்கும் நன்மை தரும். மனிதருக்கும் நன்மை தரும்.

நாம் செய்யத்தக்கது

பறவைகளைக் குறித்து எழுத இன்று துப்பாக்கி வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். கண்ட பறவையின் பெயர், எண்ணிக்கை, நாள், நேரம், இடம், அமர்ந்திருந்த மரம், செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றை எழுதலாம். பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால், 'சிறிய ஆந்தை; இன்னது எனத் தெளியவில்லை' என எழுதுவதே முறை. பிறரிடம் பாராட்டுப் பெறும் பொருட்டு, காணாத அரிய பறவையைக் கண்டதாக எழுதுவது தவறு. கூடுள்ள இடத்தை எல்லார்க்கும் அறிவித்துக் கூட்டம் சேர்ப்பதும் தவறு.

பள்ளி வளாகத்தின் வேப்பமரத்தில் எந்தப் பறவை எந்த மாதத்தில் வந்தது என்பது இன்று சிறிய செய்தியாகத் தோன்றலாம். அம்மரமும் அப்பறவையும் இல்லாத ஒரு காலத்தில் அக்குறிப்பைப் படிக்க நேர்பவருக்கு அது சிறிய செய்தியாக இராது. சகாதாவில் டேவிட்சன் எழுதிய சீட்டுகள் 113 ஆண்டுகள் காத்திருந்து பயன் தந்தன. நாம் எழுதும் இடப்பெயரும் நாளும் அவ்வாறே உண்மையாக இருத்தல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

புள் – பறவை
பரவல் – ஓர் உயிரினம் வாழும் இடங்களின் தொகுதி
தூவி – மெல்லிய இறகு
ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல்
நிமித்தம் – சகுனம்
புகலிடம் – அடைக்கலம் தரும் இடம்

இலக்கணக் குறிப்பு

வாழிடம் – வினைத்தொகை
அறியப்படாத இடங்கள் – எதிர்மறைப் பெயரெச்சம்
கவனியாது – எதிர்மறை வினையெச்சம்

பிரித்து அறிக

சிற்றாந்தை – சிறுமை + ஆந்தை
மரப்பொந்து – மரம் + பொந்து
வெண்பட்டை – வெண்மை + பட்டை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. உள்ளூர்ப் பரவல் என்பது யாது?
2. வனச் சிற்றாந்தையைப் புள்ளிச் சிற்றாந்தையிலிருந்து எவ்வாறு பிரித்தறியலாம்?
3. பறவையின் பெயர்ச்சீட்டில் எழுதப்படும் செய்திகள் யாவை?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. மாண்டவிப் பறவையின் சீட்டு பொய் என எவ்வாறு கண்டறியப்பட்டது?
2. வனச் சிற்றாந்தை அடர்காட்டில் வாழாமைக்குக் காரணம் என்ன?
3. 'காணவில்லை', 'இல்லை' ஆகிய இரண்டற்கும் உள்ள வேறுபாட்டைத் தான்சா நிகழ்வைக் கொண்டு விளக்குக.

இ. ஒரு பக்க அளவில் எழுதுக.
'உள்ளூர்ப் பரவலைப் பற்றிய துல்லியமான அறிவு பறவைக்கும் மனிதருக்கும் நன்மை தரும்.' பாடக் கருத்துகளைக் கொண்டு நிறுவுக.

ஈ. செயல்பாடு
உங்கள் பள்ளி வளாகத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்க. ஒரு வாரம் நாள்தோறும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் உற்றுநோக்குக. வந்த பறவைகளையும், எந்தப் பறவையும் வாராத நாளையும் குறித்து, வகுப்பில் படித்துக் காட்டுக.